கம்பெனி பஸ்ஸில் கேட்ட என் மகளின் பாடம்

இதை எழுதணும் என்று மூன்று வருஷமாக நினைத்து, மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். கழுகுமலை அடிவாரத்தில் தேங்காய், பழம், சூடம், பத்தி விற்கிறவன். காலேஜில் பாடம் நடத்துவதைப் பற்றி நான் எழுதினால் படிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெட்கக்கேடானது. அந்தப் பயணத்தில் சாமியிடம் நான் வேண்டிக்கொண்டது, பெற்ற தகப்பன் வேண்டக் கூடாத ஒன்று. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் பொய் சொன்ன மாதிரி ஆகும். இந்தத் தைப்பூசத்தன்று மலையைச் சுற்றி வரும்போது, “சொல்லித் தொலையேன்” என்று உள்ளுக்குள் யாரோ அதட்டின மாதிரி இருந்தது. அதனால் இன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் பெயர் வள்ளிமயில். ஒரே பிள்ளை. எலெக்ட்ரிகல் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு பாலிடெக்னிக் காலேஜில் பாடம் நடத்துகிறாள். குன்றத்தூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒருநாள் போன் பண்ணினாள்.

“யப்பா, நான் இங்கேருந்து கிளம்பிரலாம்னு இருக்கேன். சாமான் கட்டணும். நீங்க வந்தா நல்லாருக்கும்.”

விஷயம் இதுதான். பகல் வகுப்பு போக, சாயங்காலம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் அவள் வகுப்பு எடுத்தாள். அந்தப் பிள்ளைகள் தேறவில்லை என்று தாளாளருக்கு வருத்தம். வெளியிலிருந்து பாடப்படம் வாங்கித் திரையில் ஓட்டப் போகிறாராம். வருகிற சனிக்கிழமை அவரே வகுப்புக்கு வந்து கேள்வி கேட்பாராம். பிள்ளைகள் பதில் சொல்லாவிட்டால் சாயங்கால வகுப்பு திரைக்குப் போய்விடும்.

“பொத்தானை அமுக்கிட்டு ஓரமா நிக்கதுக்கு நான் எதுக்குப்பா? பகல் வகுப்புக்கும் அது நாளைக்கு வந்துரும். நானே கௌரவமா வந்துருதேன்.”

அவள் குரல் கம்மியிருந்தது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். என் வீட்டுக்காரி காந்திமதி அப்போதே அவளுடைய பழைய கட்டிலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு வருஷமாகப் பிள்ளை இல்லாத வீடு. இதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலம் போய் இறங்கினேன். நம் தமிழ்நாடுதான். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அது சீமைதான்! ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பெனி, கம்பெனி, கம்பெனி. மதில் முடிகிற இடத்தில் அடுத்த மதில் ஆரம்பிக்கிறது. வட்டமும் கட்டமுமாக ஏதோ எழுத்தில் ஒரு போர்டு. கேட்டால் கொரியாக்காரர் சாப்பாட்டுக்கடையாம். புதுக் கார்களை அடுக்கடுக்காகச் சுமந்துகொண்டு லாரிகள் போகின்றன, எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கோழிக்கூடை போகிற மாதிரி. வெள்ளை வெள்ளையாகக் கம்பெனி பஸ்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு இளவட்டம், காதில் வயர், கண் மூடியபடி.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் இட்லி போட்டுக்கொண்டிருந்தார். சட்னிக்குப் பதிலாக ஏதோ ஊற்றினார். “இது என்னம்மா?” என்றேன்.

“வடகறிபா. துன்னு பாரு, அப்பால சொல்லு.”

கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பாக்கின மாதிரி இருந்தது. சாம்பாரில் வெல்லம் போடுகிற ஊர் என்று பயந்து வந்தவன், நாலு இட்லிக்கு மேல் இன்னும் ரெண்டு வாங்கினேன். பக்கத்தில் கழுத்து அட்டை தொங்கவிட்ட ஒரு கொரியாக்காரர், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அதே வடகறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மாவிடம் கையை ஆட்டி என்னவோ குறைபட்டார்.

“இன்னா சொல்றாரு?” என்று நானும் அந்த ஊர்ப் பேச்சிலேயே கேட்டுப் பார்த்தேன்.

“காரம் பத்தலயாம். டெய்லி இதே ரோதன.”

வள்ளிமயில் அறைக்குப் போனால் பாதிச் சாமான் பெட்டியில் ஏறிவிட்டது. சுவரில் எங்கள் ஊர் முருகன் கழுகாசலமூர்த்தி படம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரு காகிதம் மடித்திருந்தது. ராஜினாமாக் கடிதம். “சனிக்கிழமை குடுக்கணும், அதுவரைக்கும் சாமிகிட்ட இருக்கட்டும்னு வச்சேன்” என்றாள். கும்பிடுகிற மாதிரி அதை ஒரு தடவை தொட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளோடு காலேஜுக்குப் போனேன். அவள் பாடம் நடத்துவதை நானோ காந்திமதியோ ஒருநாளும் பார்த்ததில்லை. “கடைசி வாரம்லா, அவ பேசுறதைப் போன்ல பிடிச்சுட்டு வாங்க, நானும் கேக்கட்டும்” என்று காந்திமதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாசலில் விரல் வைக்கிற மெஷின். வைத்தால்தான் வந்ததாகக் கணக்காம். ஒரு பையன் கட்டைவிரலை நாலு தடவை வைத்தான். மெஷின் பீப் பீப் என்று அவனைத் தள்ளியது. இரும்புப் பிசிறு தேய்க்கிற வேலையாம். ரேகையெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. “வுடுங்க மிஸ், இன்னிக்கும் நான் யாருன்னு அதுக்குத் தெரிலயாம்” என்று சிரித்தான். வள்ளிமயில் பழைய நோட்டை எடுத்து அவன் பெயரைக் கையால் எழுதிக்கொண்டாள்.

வகுப்பில் பெயர் நாற்பத்திரண்டு. வந்திருந்தது பத்தொன்பது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் ஷிப்ட் விஷயம் எனக்குப் புரிந்தது. காலையில் போகிறவர்கள் ஏ ஷிப்ட். மத்தியானம் போனால் பி ஷிப்ட். ராத்திரி பத்து மணிக்குப் போகிறவர்கள் சி ஷிப்ட். வாரத்துக்கு வாரம் மாறும். பி ஷிப்ட் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க சாயங்கால வகுப்பு கிடையாது. வந்தவர்களிலும் சி ஷிப்ட்காரர்களுக்குத் தூக்கம் சொக்கும். ஒரே பாடத்தை மூன்று வாரம் மூன்று தடவை நடத்தினால்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும். மூன்று தடவை நடத்தினால் பாடப் பகுதி முடியாது. இதில் அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜெனிட்டா என்று ஒரு பெண், வாலாஜாபாத் பக்கம் ஊர், இங்கே விடுதியில் தங்கல். செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை. நாள் முழுக்க செல்போன் செய்கிற இடத்துக்குள், சொந்த செல்போன் கொண்டுபோகக் கூடாதாம்!

“எம்மா, இதுல குரல் பிடிக்கது எப்படி?” என்று என் போனை நீட்டினேன்.

“இத்த அமுக்கிட்டு மேசை மேல வச்சுடுப்பா. நானே பாத்துக்கறேன்.”

வள்ளிமயில் கரும்பலகையில் மோட்டார் படம் போட்டாள். அடடா, அந்தக் குரல்! வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கிற குரல் இல்லை அது.

“வெளியில ஒரு காந்தப்புலம் சுத்திக்கிட்டே ஓடுது. நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு சுத்து. உள்ள இருக்கிற ரோட்டர் அதைத் துரத்திக்கிட்டே ஓடுது. ஆயிரத்து நானூத்து நாப்பது. துரத்தும், துரத்தும். ஆனா எட்டவே எட்டாது!”

எனக்கே புல்லரித்தது. பக்கத்தில் பார்க்கிறேன், ஒரு பையன் கழுத்து அட்டை கன்னத்தில் பதிய உறங்குகிறான். அவனுக்கு முன்னால் இன்னொருத்தன். என் பிள்ளை இப்படிக் கத்திக் கத்தி யாருக்குச் சொல்கிறாள்? சாக்பீஸ் தூள் தொண்டையில் ஏற, இருமினேன். இருமலோடு “முருகா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இவளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போக வழி பண்ணப்பா என்று மனசுக்குள் முடித்தேன்.

வள்ளிமயில் காதில் வாங்கவில்லை. “ஏன் எட்டாது? எட்டிட்டா என்ன ஆகும்?” என்று கேட்டாள். சரியாக அந்த நேரம் என் போன் மணி அடித்தது. காந்திமதி! உறங்கினவன் எல்லாம் எழுந்துவிட்டான். வகுப்பே சிரித்தது. போனில் குரல் பிடிக்கிறதும் அந்த இடத்தோடு நின்றுபோய்விட்டது.

வகுப்பு முடிந்ததும் ஜெனிட்டா கேட்டாள். “அப்பா, இத்த நான் எடுத்துக்கவா? எங்க ரூம்ல ரெண்டு பேரு பி ஷிப்ட்ல கீறாங்க. பாவம், கிளாஸே இல்ல அவங்களுக்கு.”

அதற்கென்ன என்றேன். ரெண்டு போனையும் பக்கத்தில் வைத்து என்னவோ செய்தாள். கொடுத்தால் ஒருத்தரிடம்தானே இருக்கும், என் கடைத் தேங்காய் மாதிரி என்று நினைத்தேன். விவரம் இல்லாதவன்!

புதன்கிழமை காலையில் குன்றத்தூர் மலைக்கு ரெண்டு பேரும் போனோம். எங்கள் மலையைப் பார்த்தவனுக்கு அது சின்ன மலைதான். ஆனால் மேலே நின்றால் நாலு பக்கமும் காற்று. தூரத்தில் கம்பெனிக் கூரைகள் தகடு தகடாக மின்னின. சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன். சொல்லிவிடுகிறேன்: “சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் வரக் கூடாது. என் பிள்ளை என்கூட வந்துரணும்.” வேண்டி முடித்ததும் கண்ணில் நீர் வந்தது. பக்தி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைதான் அந்தக் கூத்து. வள்ளிமயில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் காலேஜில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மத்தியானம் ஒரு மணிவாக்கில் திரும்பி வர, வாங்கின காய்கறிப் பையோடு ரோட்டில் நின்றேன். ஒரு வெள்ளை பஸ் வந்தது. கை காட்டினேன். நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டரைக் காணோம். பஸ் குன்றத்தூர் பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்பியது.

“தம்பி, குன்றத்தூர் போகும்லா?”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னா பெர்சு, நீ கேன்டீன் ஆளு இல்லியா?”

“நான் கழுகுமலை.”

“அது எந்த கம்பெனி?”

பஸ்ஸே சிரித்தது. பி ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸாம் அது. காய்கறிப் பையோடு நின்றதால் சமையல் ஆள் என்று ஏற்றிவிட்டார். நடு ரோட்டில் இறக்கிவிட அவருக்கும் மனசில்லை. “குந்து. இவங்கள எறக்கி வுட்டுட்டு வர்றச்ச உன்ன வுட்டுடறேன்” என்றார்.

எனக்குப் பின் சீட்டில் நாலைந்து பையன்கள் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். பாட்டு கேட்கிறார்கள் என்று இருந்தேன். அப்போது வந்தது பாருங்கள் ஒரு குரல்!

“துரத்தும், துரத்தும். ஆனா எட்டவே எட்டாது!”

அடுத்து ஒரு இருமல். அடுத்து “முருகா”. அடுத்து, “ஏன் எட்டாது? எட்டிட்டா என்ன ஆகும்?” நின்றுவிட்டது.

என் பிள்ளை காலேஜில் இருக்கிறாள், அவள் குரல் பஸ்ஸில் போகிறது!

“ஏலே, மறுபடி போடு. எட்டிட்டா என்னல ஆகும்?” என்றான் ஒருத்தன். பேச்சைக் கேட்டாலே நம்ம பக்கம். பெயர் இசக்கி என்று பிறகு தெரிந்தது, வள்ளிமயில் வகுப்புப் பையன்தான். பி ஷிப்ட் வந்ததால் வகுப்பு பார்க்காதவன். மற்றவர்கள் காலேஜில் படிக்கிறவர்களே இல்லை, சும்மா கேட்கிறவர்கள்.

“எட்டுனா வேகம் கூடும். என்ன ஆகும் வேற?”

“போடா. ஃபேன் இன்னா, வேகம் கூடிகினே போவுதா?”

“எட்டிட்டா ரெண்டும் ஒண்ணா ஓடும்லா? அப்போ ரோட்டருக்கு, காந்தம் சும்மா நிக்க மாதிரிதான இருக்கும்? நின்ன காந்தத்துல கரண்டு எங்கேருந்துல வரும்?” என்றான் இசக்கி. சொல்லிவிட்டு அவனே திகைத்துப் போய் வாயைப் பொத்தினான். “ஏலே! கரண்டு வராது. விசை போயிரும். அதான் எட்டாது!”

“மிஸ் சொல்லவே இல்லியே, நீயா சொல்ற.”

“மிஸ் எங்க சொல்லுச்சு? கேட்டுட்டுக் கட் ஆயிருச்சே. நாலு நாளா... இல்ல, ரெண்டு நாளா மண்டை காயுது. லைன்ல நிக்கயில கூட இதே நெனப்பு.”

என்னால் அடக்க முடியவில்லை. திரும்பினேன். “தம்பி, அந்த முருகா நான்தான்.”

ஒரு நிமிஷம் யாரும் நம்பவில்லை. ஒருத்தன் சொன்னான், “எங்க, இருமிக் காட்டு.” இருமினேன். “முருகா” என்றேன். பஸ்ஸே ஊ என்று கத்தியது. டிரைவர் ஹாரன் அடித்தார். இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, மிஸ்ஸோட அப்பாவா நீங்க? மீதி எங்க அண்ணாச்சி? மீதியைக் கேட்டு வாங்கிக் குடுங்க. மூணு பஸ்ல ஓடுது இது. டிப்ளமோ முடிச்சாத்தான் எனக்கு நிரந்தரம். இல்லன்னா டிரெய்னிங் முடியவும் ஊருக்கு அனுப்பிருவான்.”

அவர்கள் கேட்டில் இறங்கி வரிசையாக உள்ளே போனார்கள். போன்களைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காலி பஸ்ஸில் நானும் டிரைவரும் திரும்பினோம். எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. நேற்று மலையில் நின்று எதை வேண்டினேன்? யாருக்குப் பதில் வரக் கூடாது என்று வேண்டினேன்? இந்த இசக்கிக்கா?

சாயங்காலம் வள்ளிமயிலிடம் சொன்னேன். முதலில் அவளுக்குக் கோபம். “என்னைக் கேக்காம எடுத்தீங்களா? அதை வேற குடுத்தீங்களா? பாதிப் பாடம்ப்பா அது. ஏன்னு சொல்லாம விட்டா என்ன பிரயோஜனம்?”

“ஏன்னு அந்தப் பையனே சொல்லிட்டான் தாயி.”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “என்ன சொன்னான்?”

எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா ஓடினா, நின்ன மாதிரி, கரண்டு வராது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் முதலாவது வந்தபோதுகூட அப்படி ஒரு முகம் இல்லை. “இசக்கியா? இசக்கியா சொன்னான்? யப்பா, நாலு வருஷமா நான் கேள்வியும் கேட்டு, மூச்சு விடாம பதிலையும் நானே சொல்லிட்டுருக்கேன். யோசிக்க எங்க விட்டேன்?”

“மீதியைக் கேக்காங்க” என்றேன்.

போனை எதிரில் வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். வரவில்லை. நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் நிறுத்தினாள். “முகம் இல்லாம எப்படிப்பா பேச?” கடைசியில் நான் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். “எனக்குச் சொல்லு. புரியலன்னா கேக்கேன்.”

படம் போடக் காகிதம் தேடினாள். நோட்டெல்லாம் பெட்டிக்குள் கட்டியாகிவிட்டது. சாமி படத்துக்குக் கீழே இருந்த காகிதத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் மோட்டார் வரைந்தாள். அது ராஜினாமாக் கடிதம் என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். நடுவில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். “சாமி சப்பரம் முன்னால போகுது. நாம பின்னால ஓடுதோம். கொஞ்சம் இடைவெளி இருக்கது வரைக்கும்தான் ஓட்டம். சப்பரத்து மேலயே ஏறி உக்காந்துட்டா யார் ஓடுவா? அப்படியாம்மா?” அவள் சிரித்துவிட்டாள். அந்த இடைவெளிக்கு ஸ்லிப் என்று பெயராம். சிரிப்பு, சப்பரம் எல்லாம் போனில் பதிவாகிவிட்டது. கடைசியில் அவள் பதிலோடு முடிக்கவில்லை. “சரி, சுமை கூடுனா இந்த இடைவெளி கூடுமா, குறையுமா? சனிக்கிழமை சொல்லுங்க” என்று கேட்டு, தானே நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அது ஜெனிட்டா கைக்குப் போனது. அவ்வளவுதான். மத்தியானம் தள்ளுவண்டி அம்மா என்னிடம் கேட்கிறார், “இன்னா முருகா, ஊருக்குப் போவலியா?”

சனிக்கிழமை மழை. கம்பெனிகளுக்கு லீவு, அதனால் பி ஷிப்ட் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தாளாளர் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் வருகைப் பதிவு. நான் வெளி வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“பி ஷிப்ட்காரன் யாரு? இந்த வாரம் பூரா கிளாஸே பாக்காதவன்? எந்திரிப்பா.”

இசக்கி எழுந்தான். அந்த வாரப் பாடத்திலிருந்து, ரோட்டர் ஏன் காந்தப்புலத்தை எட்டாது என்று கேட்டார். பையன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். ஆயிரத்து ஐநூறு, ஆயிரத்து நானூத்து நாப்பது என்று ஒன்று விடவில்லை. “துரத்தும், துரத்தும். ஆனா எட்டவே எட்டாது. முருகா. ஏன் எட்டாதுன்னா...” என்று முழுசையும் சொன்னான்.

தாளாளர் விழித்தார். “சரியாத்தான் சொல்ற. நடுவுல எதுக்குப்பா முருகா?”

இசக்கி ஜெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தான். அடுத்து ஜெனிட்டாவை எழுப்பினார். அவளும் சொன்னாள், “எட்டவே எட்டாது. முருகா...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, உன் கழுத்துல சிலுவை இருக்கு.”

“ஏசப்பா கோச்சுக்க மாட்டாரு சார். அந்த எடத்துல அது வரலன்னா அடுத்த லைன் வர மாட்டேங்குது சார்.”

வகுப்பு சிரித்தது. தாளாளர் சிரிக்கவில்லை. “சுமை கூடுனா ஸ்லிப் கூடுமா, குறையுமா? இது புஸ்தகத்துல அடுத்த பாடம். யாராவது?” பதினைந்து கை உயர்ந்தது. ரேகை தேய்ந்த பையன் சொன்னான், “கூடும் சார். பாரம் ஏத்துனா பின்னாடி இழுக்கும். வேகம் கொறையும். கொறைஞ்சா இடைவெளி பெரிசாவும்.”

அந்த நேரம் என்னை மீறி இருமல் வந்துவிட்டது. “முருகா!” என்றேன். சத்தியமாக வேண்டுமென்று இல்லை.

எல்லா முகமும் ஜன்னலுக்குத் திரும்பியது. தாளாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். ஜெனிட்டா போனில் முழுசையும் போட்டுக் காட்டினாள். சப்பரம் வந்த இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“திரை வாங்கியாச்சும்மா. அதை வாங்கலன்னு ஆக்க முடியாது” என்றார் வள்ளிமயிலிடம். “ஆனா அதுல யாரோ ஏன் பேசணும்? நீயே பேசு. இவங்க பஸ்ல கேட்டுட்டு வரட்டும். கிளாஸ்ல நீ கேள்வியைக் கேளு. அந்த இருமலை மட்டும் எடுத்துரு.”

“சார், அத்த வெட்டாதீங்க சார்!” ஜெனிட்டா மட்டும் இல்லை, நாலைந்து குரல்.

காலேஜ் பஸ்ஸில் திரும்பும்போது என்னால் தாங்க முடியவில்லை. “தாயி, புதன்கிழமை மலையில நான் என்ன வேண்டுனேன்னா...”

“தெரியும்ப்பா. நீங்க எப்பவும் வாய்விட்டுத்தான வேண்டுவீங்க. நான் பின்னாலதான நின்னேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “கேட்டுட்டும் ஒண்ணும் சொல்லலயே?”

“எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்துச்சு அன்னைக்கு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “யப்பா, ஊருக்கு நீங்க மட்டும்தான் போகணும்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைப் பிரித்தோம். கட்டினது எல்லாம் திரும்ப அலமாரிக்குப் போனது. காலிப் பெட்டியில் காந்திமதிக்கு ஒரு சேலையும், மிளகும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லியும், மோட்டார் வரைந்த அந்தக் காகிதமும் வைத்தாள். “இதை நீங்களே வச்சுக்கங்க. ஒரு பக்கம் எனக்கு வேண்டாம், இன்னொரு பக்கம் அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு.”

வீட்டுக்கு வந்ததும் காந்திமதி வாசலைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். போனில் பிடித்துவந்த பாடத்தைப் போட்டேன். துடைத்து வைத்த கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், “இன்னொரு தடவை போடுங்க” என்றாள். இன்னொரு தடவை. பிறகு, “நான்தான் போன் பண்ணிக் கெடுத்தேனாக்கும்” என்றாள். “நீ பண்ணலன்னா அந்தப் பிள்ளைகளுக்குக் கேள்வியே மிஞ்சியிருக்காது” என்றேன். அழுதாள், சிரித்தாள். மகள் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள்.

இசக்கி டிப்ளமோ முடித்துவிட்டான். போன வருஷம் ஊருக்கு வந்தவன் என் கடைக்கு வந்து தேங்காய் வாங்கினான். வள்ளிமயில் அங்கேதான் இருக்கிறாள். இன்றும் புதுப் பாடம் தயாரானால் முதலில் எனக்குத்தான் போன் வரும், “எதிர்ல உக்காந்துருக்கதா நெனச்சுக்கிட்டுச் சொல்லுதேன், கேளுங்க” என்று. எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் கேள்வி கேட்பேன்.

பிள்ளை தூரத்தில் வேலை பார்க்கிற தாய் தகப்பன் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் கொடுங்கள். நகல் எடுங்கள், வாசித்துக் காட்டுங்கள், எப்படியானாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள்தான் உங்களிடம். என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்த வேண்டாம். நான் வேண்டக் கூடாததை வேண்டினேன் என்று எழுதின இடத்தை, எனக்காகப் பாவப்பட்டு எடுத்துவிட வேண்டாம். அந்த இருமலையும் அதற்கு அடுத்த சொல்லையும் அந்தப் பிள்ளைகள் கடைசிவரை வெட்டவில்லை. நீங்களும் வெட்டாமல் கொடுங்கள்.